பெருந்துறைக்குப் போகாத மருமகள்

ரங்கூனில் கலவரம் மூண்டு நம்மவர்கள் கப்பலேறித் திரும்பிய வருஷம், நான் கல்யாணமாகி ஈரோட்டுக்கு வந்த புதிது. காவிரிக்கரையில் எங்கள் வீட்டை ஒட்டி மாமனாரின் மஞ்சள் மண்டி. மூட்டையெல்லாம் விற்றுத் தீர்ந்து காலியாகக் கிடந்தது. ரயில்நிலையத்தில் போக்கிடமில்லாமல் உட்கார்ந்திருந்த சில குடும்பங்களை மாமனார் வண்டியில் ஏற்றிவந்து அங்கே தங்கவைத்தார்.

அவர்களில் ஒருத்தி பர்மாக்காரி. பெருந்துறைப் பக்கத்து ஆள் ஒருவர் ரங்கூன் மரக்கடையில் வேலை பார்த்தபோது கட்டிக்கொண்டவள். என் வயதுதான் இருக்கும். சோற்றுப் பானையோடு நான் போன முதல் நாள் என் சேலைத் தலைப்பைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். நான் அவள் கைலியைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தேன்.

பிறகு ஆற்றுக்குச் சேர்ந்தே போனோம். நான் சொல்லிக்கொடுத்த தமிழில் ‘ங்க’வை மட்டும் அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். படித்துறையில் துவைத்த துணியை மிதிக்க வந்த எருமையிடம், “ஏனுங்க, தள்ளி நில்லுங்க” என்றாள். துவைத்துக்கொண்டிருந்த பெண்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது.

ஒரு நாள் அவள் புருஷனின் அண்ணன் வண்டி கட்டி வந்தார். மண்டி வாசலிலேயே நின்று மாமனாரிடம், “தம்பி மட்டும் வரட்டுங்க. அந்தப் புள்ளைய எங்கம்மா ஊட்டுக்குள்ள உட மாட்டாங்க” என்றார்.

தம்பி தலைகுனிந்து நின்றார். போய்விடுவாரோ என்று எனக்குப் பதைத்தது. யாரோ வெயிலில் நிற்கிறார் என்பது மட்டுமே அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, “வாங்க, உக்காருங்க, தண்ணி குடிங்க” என்றாள். அவர் கை நீட்டவில்லை.

அப்போதுதான் தம்பி வாய் திறந்தார். “என்னைய வெட்டறதுக்குத் தேடி வந்தவங்கள வாசல்ல நின்னு திருப்பி அனுப்புனவ இவதானுங்கண்ணா. இவள உட்டுப்போட்டு நான் வரமாட்டனுங்க.”

அண்ணன் அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சொம்பை வாங்கிக் குடித்தார். “வாரேன் அம்மணி” என்று அவளிடம் சொல்லிவிட்டுத் தனியாகவே வண்டியேறினார்.

தம்பிக்கு ஈரோட்டிலேயே ஒரு மரக்கடையில் வேலை கிடைத்தது. எங்கள் தெருவிலேயே குடி வந்தார்கள். அண்ணன் சந்தைக்கு வரும்போதெல்லாம் நிலக்கடலையும் அவரைக்காயும் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவார். அவருடைய அம்மா மட்டும் கடைசிவரை மனம் இறங்கவில்லை.

என் மூத்த மகள் பிறந்தபோது, ஊரிலிருந்து என் அம்மா வந்து சேரும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவள் அவள்தான்.