நாலு வீட்டுக்குச் சொல்ல வேண்டிய செய்தி

என் மகள் திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம், அச்சகத்துக்குப் பின்னால் பொட்டலைத் தாண்டி இருந்த பட்டாசு யூனிட் ஒன்று வெடித்தது. அவளுக்குக் கம்ப்யூட்டரில் காலண்டருக்கும் பட்டாசு லேபிளுக்கும் படம் அமைக்கிற வேலை. சத்தம் கேட்டபோது டீ குடிக்க வெளியே வந்திருந்தாள். திரும்பிப் போய்ப் பார்த்தால் அவள் உட்காரும் நாற்காலி நிறைய ஜன்னல் கண்ணாடி.

எனக்கு விருதுநகரில் வத்தல் மண்டி. செய்தி வந்ததும் அவளுடைய செல்போனுக்கு அடித்தேன். எங்கள் பக்கம் எல்லார் கையிலும் செல்போன் வரத் தொடங்கியிருந்த வருஷம் அது. எல்லாரும் ஒரே நேரத்தில் அடித்தால் யாருக்கும் லைன் கிடைக்காது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பைக்கில் கிளம்பினேன். ஆமத்தூர் தாண்டியதும் போலீஸ் நிறுத்திவிட்டார்கள். வெயிலில் இரண்டு மணி நேரம் நின்றேன். என்னைக் கடந்து போன ஏதோ ஒரு பஸ்ஸில் அவள் வீடு போய்ச் சேர்ந்திருக்கிறாள். நான் திரும்பி வந்தபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எங்கே போயிருந்தீர்கள் அத்தா என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு நான் பழைய ஆளாக இல்லை. பக்கத்துக் கடையில் ஷட்டரை இறக்கினாலே உடம்பு தூக்கிப் போடும். கல்யாண ஊர்வலத்தில் சரம் கொளுத்தினால், இருக்கிற இடத்தில் இருக்க முடியாமல் செருப்பைத் தேடுவேன். வேலையை விட்டுவிடச் சொன்னேன். படித்த பிள்ளை, உள்ளூரிலேயே ஏதாவது பார்க்கலாம் என்றேன். என் மனைவி என்னிடம் மகளுக்காகவும் மகளிடம் எனக்காகவும் பேசினாள். மகள் வேலையைப் பற்றிக்கூட அதிகம் பேசவில்லை, தினமும் போய் வருகிற பஸ்ஸைப் பற்றித்தான் பேசினாள். ஒரு வாரம் அவளோடு அந்த பஸ்ஸில் வர வேண்டும், அதற்கப்புறமும் வேண்டாம் என்றால் நின்றுவிடுகிறேன் என்றாள்.

திங்கட்கிழமை காலையில் ஏறினேன். அவள் முன்னால் பெண்கள் பக்கம் போய்விட்டாள். நான் பின்சீட்டில் உட்கார்ந்தேன். கண்டக்டருக்கு விஷயம் முன்பே தெரிந்திருந்தது.

"பாய், இந்த வயசுல எந்தப் பள்ளிக்கூடத்துல சேரப் போறீக?" என்று கேட்டுக்கொண்டே டிக்கெட்டைக் கிழித்தார். முன்னால் இருந்த பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். என் மகள்தான் அதிகம் சிரித்தாள்.

வழியில் ஏறுகிறவர்களையும் சேர்த்து, என் மகளோடு பதினோரு பேர், திருத்தங்கலிலும் சிவகாசியிலும் வெவ்வேறு கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள். கணக்கு எழுதுகிறவர்கள், லேபிள் வெட்டுகிறவர்கள், கம்ப்யூட்டர் பார்க்கிறவர்கள். எனக்கு அது ஒரு பஸ், அவ்வளவுதான். அவர்களுக்கு அது வேறு ஏதோ. பஸ் ஸ்டாண்டைத் தாண்டுவதற்குள் தூக்குவாளிகள் திறந்துவிடும். ஒருத்தி வீட்டு இட்லிக்கு இன்னொருத்தி வீட்டுத் துவையல். ஒரே முழப் பூவை நாலு தலையில் வைப்பார்கள். ஆமத்தூரில் ஒரு பெண் தலையைப் பின்னாமல் ஓடி வருவாள், டிரைவர் ஏசிக்கொண்டே நிறுத்துவார், திருத்தங்கல் வருவதற்குள் யாராவது பின்னி முடித்திருப்பார்கள். புதன்கிழமை ஒரு பெண்ணுக்கு ஏழாம் மாதம் என்று ஓடுகிற பஸ்ஸிலேயே வளையல் போட்டார்கள். கண்ணாடி வளையல் உடையக் கூடாதென்று டிரைவர் மாட்டு வண்டி மாதிரி ஓட்டினார். பின்சீட்டில் இருந்த எனக்கும் எலுமிச்சைச் சாதம் வந்தது, காலண்டர் வேஸ்ட் தாளின் அச்சாகாத பக்கத்தில். சாப்பிட்டு முடிக்கும்போது, ஆமத்தூருக்கு அப்பால் நான் வெயிலில் நின்ற இடம் எப்போது கடந்து போனது என்று தெரியவில்லை. அந்த வாரத்தில் அதை நான் கவனிக்காமல் போன ஒரே நாள் அது.

வியாழக்கிழமை, ஆமத்தூரில் ஏறுகிற ஒரு பெண்மணி என் சீட்டுக்கு முன்னால் வந்து உட்கார்ந்து திரும்பினார். நாற்பது வயதுக்கு மேலிருக்கும், பைண்டிங் வேலை. எல்லாருக்கும் அவர் அக்கா. கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. என் மண்டியில் லேண்ட்லைன் இருக்கிறதா, பைக் இருக்கிறதா என்று விசாரித்தார். பெண் பார்க்க வந்தவர் மாதிரி இருந்தது. பிறகு விளக்கினார். வெடித்த அன்றைக்குப் பதினோரு பேரும் பதினோரு வீட்டுக்கு அடித்துப் பார்த்து ஒருவருக்கும் கிடைக்கவில்லை. இனிமேல் ஏதாவது சத்தம் கேட்டால் முதலில் தங்களுக்குள் பார்த்துக்கொள்வது. பிறகு ஊருக்கு ஒரே ஒரு வீடு, அந்த ஒரு நம்பருக்கு மட்டும் லைன் கிடைக்கும்வரை அடிப்பது. அந்த வீட்டுக்காரர் மற்ற வீடுகளுக்குப் போய்ச் சொல்லிவிட வேண்டும். விருதுநகரில் எங்களைத் தவிர நாலு வீடு. அதற்கு நான் ஆளாக இருக்க முடியுமா?

உங்களுக்குப் பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"இல்லாம என்ன பாய். எனக்கும் வீட்டுல ரெண்டு பிள்ளைக இருக்கு. அதுக்குத்தான இந்த நோட்டு."

நம்பரைக் கொடுத்தேன். நாலு விலாசத்தையும் ஒரு துண்டுத் தாளில் எழுதித் தந்தார். அதை மண்டியில் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். ஆனால் மகளிடம், சீசன் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றுதான் சொன்னேன். காலண்டர் வேலை முடிகிற டிசம்பரோடு நிறுத்திவிடுவேன் என்பது அவளுக்கும் புரிந்தது. வாதாடவில்லை. வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தாள்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம், வத்தல் சாக்கு ஒன்றைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவகாசியிலிருந்து வந்த லோடு வண்டிக்காரர் இறங்கும்போதே சொன்னார், திருத்தங்கல் பக்கம் புகை பார்த்தேன் என்று. பைக் சாவியை எடுத்துவிட்டேன். அப்போது மேஜையில் போன் அடித்தது.

"பாய், நான் ஆமத்தூர் அக்கா பேசுறேன். நம்ம பிள்ளைக பதினோரு பேரும் நல்லா இருக்காக. ஒங்க மகளை நானே போயிப் பாத்துட்டேன். நாலு வீட்டுக்கும் சொல்லிருங்க."

மகளிடம் கொடுங்கள், ஒரு வார்த்தை பேசிக்கொள்கிறேன் என்றேன்.

"நீங்க பேசிக்கிட்டு நின்னா அந்த நாலு வீட்டுல என்ன ஆகும்? போங்க பாய்."

வைத்துவிட்டார்.

பைக்கில் ஏறி முக்குக்கு வந்தேன். ஒரு பக்கம் திரும்பினால் சிவகாசி ரோடு. நேரில் பார்க்காமல் எப்படி நம்புவது என்று மனசு அந்தப் பக்கமே இழுத்தது. பின்னால் நின்ற ஆட்டோக்காரர் ஹாரன் அடித்து ஏசினார். நான் ஊருக்குள் திரும்பினேன்.

முதல் வீட்டில் ஒரு பெரியவர் டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் மகள் நன்றாக இருக்கிறாள் என்றேன். அவருக்கு எதுவுமே தெரியாது. "அவளுக்கு என்ன ஆச்சு?" என்று பதறி எழுந்துவிட்டார். அவரை உட்கார வைத்து ஒன்றும் ஆகவில்லை என்று புரிய வைப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. இரண்டாவது வீட்டு அம்மா ரேஷன் கடையில் வரிசையில் நின்றார். செய்தி அங்கே முன்பே வந்திருந்தது, அவர் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். நான் சொன்னதும் முன்னால் நின்ற பெண்கள் ஒதுங்கி, நீ முதலில் வாங்கிக்கொண்டு போ என்று வழி விட்டார்கள். மூன்றாவது வீட்டில் புருஷன்காரர் ஸ்டார்ட் ஆகாத வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார். நாலாவது வீடு ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால். அந்த அம்மா கதவைப் பூட்டிவிட்டு, பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துத் தெருவில் நின்றார். எந்தப் பக்கம் போவது என்று தெரியாத நிற்பு. அதை நான் நன்றாக அறிவேன். சொன்னேன். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தார். பிறகு, தண்ணீர் குடிக்கிறீர்களா என்று என்னைக் கேட்டார். குடித்தேன். மண்டிக்குத் திரும்பினேன்.

அன்று வேறு சில வீடுகளுக்கு வேறு செய்திதான் போனது. அதை மறந்துவிட்டு நான் இதை எழுதவில்லை.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். சொல்லி வைக்காமலே அந்த நாலு வீட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். பெரியவர் எல்லாருக்கும் டீ சொன்னார். மத்தியானம் நான் அவரைப் பயமுறுத்திய கதையை மற்றவர்களிடம் என்னை வைத்துக்கொண்டே சொன்னார், என்னைவிட நன்றாகச் சொன்னார். பஸ் வந்தது. பிள்ளைகள் இறங்கினார்கள். முகத்தில் அசதி, தலையில் வாடின பூ.

மகள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே பைக்கில் ஏறினாள். பிறகு, நாளையிலிருந்து போக வேண்டாமா என்று மெல்லக் கேட்டாள். என் பயம் எங்கேயும் போய்விடவில்லை, இன்றைக்கும் இருக்கிறது. ஆனாலும் அந்தக் கேள்விக்கு எனக்கு நேரம் தேவைப்படவில்லை.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகைக்கு மண்டியைப் பூட்டிருவோம். அப்ப போன் வந்தா எடுக்க ஆள் இருக்காது. பள்ளிவாசல் பக்கத்துக் கடை நம்பர் ஒண்ணு தாரேன். காலைல பஸ்ல அக்காட்ட அதையும் நோட்டுல எழுதச் சொல்லு."

"சரி அத்தா," என்றாள்.