மாப்பிள்ளையிடம் கேட்ட போட்டோ

தெருவில் எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளைதான். பெற்றவர்கள் வைத்த பெயரை வங்கிக்காரர் மட்டும்தான் கூப்பிடுவார். முன்பு மருந்துக் கம்பெனியில் பெட்டி ஒட்டினார். மேலாளரைப் போலவே பேசிக் காட்டியதில் வேலை போனது. அதே குரலை வைத்துத் தொலைக்காட்சிக்குள் நுழைந்தார். பதினோரு வருடமாக ஒரே தொடரில், மாமனார் வீட்டிலேயே தங்கிவிட்ட சோம்பேறி மாப்பிள்ளை வேடம். ஊரைச் சிரிக்க வைத்தவருக்கு இந்த வேலையும் போய்விடுமோ என்ற பயம் எப்போதும் உண்டு.

ஒரு திங்கட்கிழமை செட்டில் கலைப்பிரிவு ஆள் வந்து கேட்டார்: "சார், லேசா சிரிக்கிற மாதிரி உங்க போட்டோ ஒண்ணு வேணும்."

அந்தத் தொடரில் யாரிடம் போட்டோ கேட்டாலும் அடுத்த வாரம் அது மாலையோடு சுவரில் தொங்கும். ஆள் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பார். மூன்று வருடத்துக்கு முன் பெரியப்பா வேடக்காரர் அப்படித்தான் போனார்.

"நாளைக்குக் கொண்டுவரேன்" என்றார். மறுநாளும் அதையே சொன்னார். புதன்கிழமை மனைவி அலமாரியிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டினாள்.

"இதக் குடுத்துத் தொலைங்களேன்."

"குடுத்தா நான் காலி. நாப்பத்தொம்பது வயசுல எவன் என்னைக் கூப்பிடுவான்?"

"குடுக்கலேன்னா மட்டும் விட்டுருவாங்களா?"

செட்டில் இருமல் வந்தால்கூட அடக்கிக்கொண்டார், அதையே நோயாக்கி எழுதிவிட்டால் என்ன செய்வது!

வெள்ளிக்கிழமை பொறுக்க முடியாமல் இயக்குநரிடமே போய் நின்றார். "என்னைக் கொல்லப் போறீங்களா சார்?"

"ஒரு சாவு வேணும்னு சேனல்ல சொல்லிட்டாங்க. நீங்க, இல்லேன்னா உங்க மாமனார். யார் போட்டோ முதல்ல வருதோ அவங்கன்னு விட்டுட்டேன். அவரு செவ்வாக்கிழமையே குடுத்துட்டாரு. நீங்க நிம்மதியா இருங்க."

போன உயிர் திரும்பி வந்தது. சந்தோஷம்தான், அப்பட்டமான சந்தோஷம். அது அடங்குவதற்குள் மாமனாராக நடிப்பவர் வழக்கம்போல மாப்பிள்ளையின் பைக்கில் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார். எழுபது வயது. ஏழு வருடம் வேலையில்லாமல் இருந்து, எட்டு மாதத்துக்கு முன்புதான் பழைய மாமனார் வேடக்காரருக்குப் பதிலாகத் தொடருக்கு வந்தவர். இங்கே போட்டோ கேட்டால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாது.

"மாப்ளே, புதுச்சட்டை போட்டு ஸ்டுடியோவுல போய் எடுத்தேன். எதுக்குக் கேட்டாங்களாம்? எனக்குப் பெரிய சீன் ஏதாவது வருதா?"

எதற்கும் ஒரு கிண்டலைத் தயாராக வைத்திருப்பவர் திரும்பிப் பார்க்காமல் பைக்கைக் கிளப்பினார்.

"பெரிய சீன்தான் மாமா. எல்லாரும் உங்களப் பத்தியே பேசுவாங்க."

பெரியவர் சந்தோஷமாக அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.