எலும்புப் பின்கள்

ஹப்சிகுடா வீட்டில் மகளின் கிதாருக்கு எலும்புப் பின் ஒன்றை அரத்தால் இழைத்துக்கொண்டிருந்தேன். பல் டாக்டர் அறையில் வரும் அந்தக் கருகல் வாசனை எழுந்தது. எங்கள் பழைய ரயில்வே குவார்ட்டர்ஸின் வாசனை.

அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். கம்பியின் நுனியைத் துளைக்குள் இறுக்கிப் பிடிக்கும் அந்தப் பின்களை மாட்டெலும்பில் என் கிதாருக்கென்றே செய்தார். ஒவ்வொன்றையும் அதனதன் துளைக்கு இழைத்து, கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். "மயிரிழை லூசா இருந்தாலும் சுதி நிக்காதும்மா" என்பார்.

கிறிஸ்துமஸ் ஆராதனையில் நானும் அண்ணனும் வாசிக்க வேண்டும். அன்று காலை என் கிதார் மந்தமாக ஒலித்தது. சுதி சேர்க்கச் சேர்க்க இறங்கியது.

"பொம்பளப் பிள்ளை விரல்ல பலம் பத்தாது, நீ உக்காரு" என்றார் அப்பா, எல்லார் முன்னாலும்.

அண்ணன் வாசித்தான், கணீரென்று. ஆராதனை முடிந்து அவன் கிதாரைப் பார்த்தேன். பழுப்பேறிய என் பின்கள் அதில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தன. ஒன்றை உருவினேன். அவன் கிதாரின் துளைக்கேற்ப, சுற்றிலும் புதிதாக அரத்தால் இழைத்த வெள்ளை. என் கிதாரில் அவனுடைய பிளாஸ்டிக் பின்கள் தொளதொளத்தன.

அதன் பிறகு நான் வாசிக்கவில்லை. அண்ணனோடு சரியாகப் பேசியதும் இல்லை.

"மம்மி, உன் ஃபிங்கர்ஸ் வீக்காமே? தாத்தா ஃபோன்ல சொன்னாரு" என்றாள் மகள்.

கையிலிருந்த அரத்தையே பார்த்தேன். அண்ணனுக்கு இதைப் பிடிக்கக்கூடத் தெரியாது.