கொஞ்சம் உள்ளே

இது கதை இல்லை. நம்பாதவர்கள் வந்தால் அந்த ரெக்கார்டிங்கையே போட்டுக் காட்டுகிறேன். ஒரே ஒரு நிபந்தனை... கிட்டார் முடிந்ததும் நிறுத்திவிடுவேன். அதற்குப் பிறகு இருப்பதை இன்னொரு முறை கேட்க எனக்குத் தெம்பில்லை.

நள்ளிரவு, சுடுகாடு எல்லாம் கிடையாது. பட்டப்பகல், மணி மூன்று. என் ஸ்டுடியோவில் மூன்றே பேர். நான், கிட்டார் வாசிக்கும் என் தங்கை, அவள் கணவர். மறுநாள் காலை தங்கைக்கு மணிக்கட்டில் ஆபரேஷன். அதற்குப் பிறகு கை பழையபடி ஓடுமா என்று டாக்டராலேயே சொல்ல முடியவில்லை. அவள் சொந்தமாகப் போட்ட ஒரே பாட்டை அன்றைக்கே பதிவு செய்தாக வேண்டும்.

அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தாள். கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் அவளுடைய ஆம்ப் பெட்டி, ஜன்னல் இல்லாத சின்ன அறையில் அலறிக்கொண்டிருந்தது. அதன் ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு மைக். அதை ஒரு விரற்கடை நகர்த்தினாலே டோன் மாறிவிடும். நடுவில் வைத்தால் காதைக் குத்தும். ஓரத்தில் வைத்தால் போர்வைக்குள்ளிருந்து வாசிப்பதுபோல் மங்கும். மாப்பிள்ளை அந்த அறையில் நின்று நகர்த்துவார். நான் பட்டனை அழுத்தி, கொஞ்சம் உள்ளே, கொஞ்சம் வெளியே என்று சொல்வேன். அவர் மாட்டியிருக்கும் ஹெட்ஃபோனில் அது கேட்கும்.

ஒருவழியாக நல்ல இடம் கிடைத்தது. தரையில் டேப் ஒட்டி அடையாளம் வைத்தோம். தங்கை கைக்கு ஓய்வு கொடுத்துவிட்டு வாசித்தால், டோன் வேறு! போய்ப் பார்த்தேன். மைக் ஸ்டாண்ட் டேப்பை விட்டு நகர்ந்திருந்தது. சரி செய்தேன். மறுபடியும் நகர்ந்தது.

எனக்கு மாப்பிள்ளை மேல்தான் சந்தேகம். தன் காதுதான் ஒசத்தி என்ற நினைப்பு அவருக்கு எப்போதும் உண்டு.

"மைக்கைத் தொட்டீங்களா மாப்ள?"

"என் பொண்டாட்டி பாட்டு மச்சான். நான் ஏன் கெடுக்கப் போறேன்?"

"அப்ப பேயா வந்து நகர்த்துச்சு?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. எனக்குப் பின்னால் இருந்த சோபாவிலிருந்து விருட்டென்று எழுந்து போனார். அந்த அறைக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

தங்கை மீட்டினாள். பட்டனை அழுத்தினேன்.

"கொஞ்சம் உள்ளே."

டொக்... டொக்...

மைக்கில் விரலால் இரண்டு தட்டு. சரி என்கிறாராம்! வாயைத் திறக்காத அளவுக்குக் கோபம். ஆனால் டோன் திரண்டு வந்தது.

"இன்னும் கொஞ்சம் உள்ளே."

டொக்... டொக்...

தங்கை கண்ணை மூடிக்கொண்டாள். "இதுதான் அண்ணா. இதேதான். ரெக்கார்ட் பண்ணு."

ஒரே டேக். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கடைசி நோட்டு தேயும்போதுதான் பின்னால் திரும்பினேன். சோபாவில் மாப்பிள்ளையின் ஹெட்ஃபோன் கிடந்தது.

அப்படியானால்... நான் சொன்னது உள்ளே எப்படிக் கேட்டது?

வாசல் கதவு திறந்தது. மாப்பிள்ளை. கையில் மூன்று டீ.

"உள்ள... யாரு?" என்று மைக் இருந்த அறையைக் காட்டினேன்.

டீயை வைத்துவிட்டு, அவர் போய் அந்த அறைக் கதவைத் திறந்தார். "யாருமில்லையே மச்சான்..." என்றவர் சட்டென்று நின்றார். "இதோ" என்றார், உள்ளே பார்த்து. போனார். கதவு சாத்திக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் வந்தார். ஒன்றும் பேசவில்லை. டீயைக் குடித்தார்.

ஆபரேஷன் முடிந்த பிறகுதான் அந்த டேக்கைத் தனியாகக் கேட்டேன். அன்று பதிவை நிறுத்த மறந்திருந்தேன்; நாங்கள் கிளம்பும்வரை அது ஓடியிருந்தது. கிட்டார் தேய்கிறது. கதவு 'கிரீச்'. "யாருமில்லையே மச்சான்..."

பிறகு, மைக்குக்கு வெகு அருகில், ஒரு குரல்.

"மாப்ள... கொஞ்சம் உள்ளே வாங்க."

என் குரல்.

நான் அப்படிச் சொல்லவே இல்லை.

"இதோ." செருப்புச் சத்தம் உள்ளே போகிறது. கதவு சாத்துகிறது. பதிவு முடியும்வரை கேட்டேன். கதவு மறுபடி திறக்கும் சத்தமே இல்லை.

உடனே தங்கைக்கு போன் செய்தேன்.

"மாப்பிள்ளை எப்படி இருக்கார்?"

"நல்லாத்தான் இருக்கார். ஆனா ஆளே மாறிட்டார் அண்ணா. எது கேட்டாலும் வாயைத் திறக்கிறதில்ல."

"பக்கத்துல இருக்காரா?"

"இருக்கார். ஏங்க, அண்ணா கேக்குறார்..."

போனில் கேட்டது.

டொக்... டொக்...