செல்வியின் மடியும் என் கைதட்டலும்

செல்லூரைச் சேர்ந்த ஒரு பிள்ளைக்குக் காது நன்றாகக் கேட்கிறது என்று சொல்லி அனுப்பினேன். பிறவியிலேயே அவனுக்குக் கேட்காது. அவனுடைய இரண்டு ஆண்டுகள் என்னால் போயின.

நான் காது மூக்கு தொண்டை மருத்துவன். இரண்டரை வயதுக் கார்த்தி இன்னும் பேசவில்லை என்று அவன் அம்மா செல்வி தூக்கிவந்தார். அவர் மடியில் இருந்தவனின் முதுகுக்குப் பின்னால் நின்று கைதட்டினேன். சட்டென்று திரும்பினான்.

"ஆம்பளப் பிள்ளைக லேட்டாத்தாம்மா பேசும். போயிட்டு வா."

மூளைவரை ஒலி போகிறதா என்று காட்டும் பெரா டெஸ்டுக்கு எழுதியிருக்க வேண்டும். வெளியே கூட்டம் நின்றது. எழுதவில்லை.

ஓய்வுக்குப் பின், என்னிடம் படித்த டாக்டர் ஷாஹிதாவின் மருத்துவமனைக்கு அவ்வப்போது போவேன். எம்.எஸ். முடித்தும் போதாதென்று, குழந்தைகளுக்கான அறுவை சிகிச்சையைத் தனியாகக் கற்றவர். பயிற்சிக்கூடத்தில் காதெலும்பைக் குடைந்து குடைந்து, முகநரம்பு ஓடும் இடம் கைக்குப் பழகும்வரை விடாதவர்.

ஒருநாள் அங்கே செல்வி வந்தார். கார்த்திக்கு நாலரை வயது. ஷாஹிதா அவனைத் தனி நாற்காலியில் வைத்துக் கைதட்டினார். திரும்பவில்லை. அம்மா மடியில் வைத்துத் தட்டினார். திரும்பினான்.

"பாத்தீங்களா சார்? சத்தத்துக்கு அம்மாதான் திடுக்கிடுறாங்க. மடி ஆடவும் இவன் திரும்புறான். பெரா டெஸ்டுலயும் கேக்கலன்னுதான் வந்திருக்கு. உடனே ஆபரேஷன் பண்ணி உள்காதுல இம்ப்ளான்ட் கருவி வைக்கணும். இனியும் தள்ளிப்போட்டா பேச்சு வர்றது ரொம்பக் கஷ்டம்."

அன்று மாலையே அவர்கள் வீட்டுக்குப் போய் என் தவற்றைச் சொன்னேன். அப்பா முருகன் தறியை நிறுத்தினார்.

"காது கேக்குதுன்னு நீங்க சொன்னீக. கூப்பிட்டாத் திரும்பல, திமிருன்னு நெனச்சு அடிச்சேன் சார். அம்புட்டு அடி. அத யாரு திருப்பி வாங்குறது?"

ஆபரேஷனுக்குப் பிறகு பேச்சுப் பயிற்சிக்குப் போக என் காரை அனுப்புவதாகச் சொன்னேன்.

"காரு மட்டும் வந்து என்ன செய்ய? நான் தறிய விட்டு வரமுடியாது. இவ கைப்பிள்ளக்காரி. நீங்களே கூட்டிப்போயி உக்காருங்க."

ஆபரேஷனை நின்று பார்த்தேன். மயிரிழைத் தூரத்தில் நரம்பு. அதை ஒட்டி டிரில் ஓடியது. ஷாஹிதாவின் கை ஒருகணமும் அவசரப்படவில்லை. அப்படியொரு கை எனக்கு வாய்த்ததில்லை.

இளம் மருத்துவர்களுக்கு ஒன்று சொல்வேன். பெற்றவளுக்குச் சந்தேகம் இருந்தால் டெஸ்டுக்கு எழுதுங்கள். உங்கள் கையை நம்பாதீர்கள்.

வாரந்தோறும் கார்த்தியை நான்தான் கூட்டிப்போகிறேன். அவன் பேச்சு வயதுக்குப் பின்தங்கித்தான் இருக்கிறது. முருகன் இன்னும் என்னிடம் முகம்கொடுத்துப் பேசுவதில்லை. போன வாரம் கோரிப்பாளையம் சிக்னலில் பஸ்கள் ஹாரன் அடித்துத் தள்ளின. பின்சீட்டிலிருந்து கார்த்தி முகம் சுளித்தான்.

"தாத்தா, சத்தம். கண்ணாடிய ஏத்து."

ஏற்றினேன்.