பெம்புரோக்சயரில் ஒரு தொலைபேசிக் கூண்டு

துருவும் ஈரமும் யாரோ புகைத்துவிட்டுப் போன சிகரெட்டும் கலந்த ஒரு மணம் அந்தச் சிவப்புத் தொலைபேசிக் கூண்டுக்குள் எப்போதும் நின்றது. வேல்ஸில், பெம்புரோக்சயர் என்ற கரையோர மாவட்டத்தில், மாடு மேயும் வயல் முடிந்து கடல் தொடங்குகிற இடத்தில் அது இருந்தது. அதற்குப் பின்னால் வாடகைக்கு விடும் சக்கர வீடுகளான கரவான்கள் வரிசையாக நின்றன. அதிலொன்றில் ஒரு கிழமை நாங்கள் இருந்தோம்.

எங்கள் வீடு டென்மார்க்கில், ரண்டர்ஸில். கோடையில் அப்பாவின் தொழிற்சாலையை மூன்று கிழமை இழுத்து மூடுவார்கள். அந்த "இண்டுஸ்ட்ரிஃபேரி" எங்களுக்குக் கலியாண வீடுகளிலும் சாமத்தியவீடுகளிலுமே கழிந்துவிடும். அந்த வருடம் மட்டும் லண்டன் சித்தப்பா கரவான் ஒன்றை எடுத்துவிட்டு, ஒருக்காவாவது மற்றவர்களைப்போலக் கடற்கரையில் இருந்துவிட்டு வருவோம் என்று எங்களையும் கூப்பிட்டார். எஸ்பியர்க்கில் காரோடு கப்பல் ஏறி, இடியப்ப உரலும் அரிசிமா வாளியுமாகப் போய்ச் சேர்ந்தோம்.

எனக்கும் தம்பிக்கும் அது சொர்க்கம். அம்மா மட்டும் கடலில் கால்கூட நனைக்கவில்லை. அம்மாவும் பெரியம்மாவும் மயிலிட்டியில், அலைச் சத்தம் கேட்கிற வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள். அந்த ஊரை இராணுவம் எடுத்த நாளிலிருந்து பெரியம்மா மல்லாகத்து அகதி முகாமில் இருந்தார். அங்கிருந்து கடல் சைக்கிளில் போய்வரும் தூரம்தான்; இடையில் முள்ளுக்கம்பி. "அக்கா கடலைக் காணாமல் கிடக்கிறா, எனக்கென்ன குளிப்பு" என்று சொல்லிவிட்டு, அம்மா கரவானுக்குள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். சிரித்துக்கொண்டே ஓடிவந்து அந்த முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொள்வேன். சந்தோசமாக இருப்பதும் ஒருவகைக் களவுதான் என்று அந்த வயதிலேயே எனக்குள் ஊறிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. எது தவறினாலும் ஞாயிறு பெரியம்மாவுக்கு, நிமிடக் கணக்கில் வாங்கும் தொலைபேசி அட்டையான "காட்" போட்டுக் கதைப்பது தவறாது. ஊரில் திரும்பவும் சண்டை தொடங்கியிருந்த காலம். உல்லாசப் பயணம் வந்திருக்கிறோம் என்று எந்த வாயால் சொல்வது? லண்டனில் சித்தப்பா வீட்டில் நிற்பதாகச் சொல்வதென்று அம்மா முடிவெடுத்தார்.

"கடலெண்டு ஒரு சொல் வாயில வரப்படாது" என்று எங்களுக்குக் கட்டளை. ஏன் என்று தம்பி டேனிஷில் கேட்டான். பதில் தமிழில் ஒரு குட்டு. அலைச் சத்தம் வராமல் உள்ளே நின்று கூண்டுக் கதவின் இடுக்கில் துவாயை அழுத்திப் பிடிப்பது என் வேலை, கடற்பறவைகளை அண்டவிடாமல் கலைப்பது அவன் வேலை. அவன் பாணைப் பிய்த்துத் தூர எறிந்தான். ஒன்றுக்கு எறிந்தால் ஊரே திரண்டு வரும் என்று அவனுக்கு யார் சொன்னது! கூண்டைச் சுற்றி ஒரே கூச்சல்.

அங்கே என்ன இரைச்சல் என்று பெரியம்மா கேட்டது எனக்கும் கேட்டது. "றோட்டுக்கரை வீடக்கா, வாகனம் போகுது" என்றார் அம்மா. வழக்கத்தில் சுருக்கமாகக் கதைத்து முடிக்கிற பெரியம்மா, அன்று விடவே இல்லை. என்ன அரிசி வாங்குகிறீர்கள், பிள்ளைகளின் தலைக்கு என்ன எண்ணெய் என்று ஒன்றுமில்லாததையெல்லாம் கேட்டார். கேட்டுவிட்டுப் பதிலைக் கவனிக்காதவர்போல இருந்தார். அம்மாவுக்கு வியர்த்தது. "காட் முடியப்போகுதக்கா" என்று சொல்லி ரிசீவரை வைத்துவிட்டார். அன்றிரவு அம்மா சாப்பிடவில்லை.

சண்டை ஓய்ந்து சில வருடங்களின் பின் மல்லாகத்துக்குப் போனோம். மயிலிட்டியை அப்போதும் இராணுவம் விட்டிருக்கவில்லை. தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது பெரியம்மாவே பேச்சை எடுத்தார். "அண்டைக்கு நீ கடற்கரையில நிண்டுதானே கதைச்சனீ? எனக்கு அலை கேட்டது. அதுக்காகத்தான் உன்னை வைக்கவிடாமல் கதைச்சுக்கொண்டிருந்தனான்."

அவர் குறையாகச் சொல்லவில்லை. நல்லதொன்றை நினைத்துச் சொல்வதுபோலத்தான் சொன்னார். அம்மா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். அடுத்த மாரிக்குள் பெரியம்மா கண்ணை மூடிவிட்டார். இராணுவம் ஊரை விட்டது அதற்குப் பிறகுதான்.

இப்போது எஸ்பியர்க்கிலிருந்து அந்தக் கப்பல் ஓடுவதில்லை. கூண்டையும் கழற்றிவிட்டார்களாம், சித்தப்பா சொன்னார். தொலைபேசி காட்டை என் மகனுக்கு விளக்கவே எனக்குப் பாதி நாள் போயிற்று. கோடையில் டென்மார்க்கின் மேற்குக் கரைக்குப் போகும்போது அம்மாவையும் கூட்டிப்போவேன். அவர் காரைவிட்டு இறங்குவதில்லை. போன கிழமையும் அப்படித்தான். கண்ணாடியை இறக்கி, அலைச் சத்தத்தைக் கேட்டபடி கன நேரம் இருந்துவிட்டுச் சொன்னார்:

"அந்தக் காட்டில இன்னும் நிமிசம் கிடந்தது, பிள்ளை."