தண்ணீர் வேண்டாத தீ

அந்தச் சூரிய மின்நிலையத்தில் அவளைச் சோடியம் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வெளியே பரப்பி வைத்த கண்ணாடிகள் வெயிலையெல்லாம் திருப்பி ஒரு கோபுரத்தின் உச்சியில் கொட்டும். அந்தச் சூட்டை வாங்கிக் கீழே கொண்டுவருவது உருகிய சோடியம். வெள்ளிபோல் பளபளக்கும், தண்ணீர்போல் ஓடும். ஆனால் தண்ணீருக்கும் அதற்கும் ஜென்மப் பகை; தொட்டால் வெடிக்கும். சூடு குறைந்தாலோ குழாய்க்குள்ளேயே கட்டியாகி உட்கார்ந்துவிடும். காலையில் கண்ணாடிகள் திரும்புவதற்குள் எல்லாக் குழாய்களும் சூடாக இருக்கின்றனவா என்று பார்ப்பது அவள் வேலை.

அவள் கணவர் தீயணைப்பு நிலையத்தில் தண்ணீர்க் குழாய் பிடிப்பவர். உலோகம் தீப்பிடிக்கும் என்று அவள் சொன்னதை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"உலோகம் எரியுமாம்மா, உன் மருமக சொல்றா" என்று அம்மாவிடம் முறையிட்டார்.

"இவ அடுப்புல வெச்ச பாத்திரம் தினமும்தான் எரியுது" என்றார் மாமியார்.

ஒரு மத்தியானம் தரைமட்டத்தில் ஒரு வால்வு மூட்டு கசிந்தது. காற்றுப் பட்டதும் சோடியம் பற்றிக்கொண்டது. வெள்ளைப் புகை கிளம்பியது. அவள் கண்ணாடிகளை விலக்கச் சொன்னாள், பம்பை நிறுத்தினாள், குழாயில் இருந்ததைத் தொட்டிக்கு இறக்கினாள். ஆட்கள் தீயை மூடும் உலர்பொடி மூட்டைகளைப் பிரிப்பதற்குள், புகையைப் பார்த்த யாரோ போன் செய்து, தீயணைப்பு வண்டி உள்ளே வந்துவிட்டது. முதலில் குதித்தவர் அவள் கணவர், தோளில் குழாயோடு.

அவள் போய் எதிரில் நின்றாள்.

"தள்ளு."

"தண்ணி வேணாங்க."

"தீ எரியுது, கண்ணு தெரியலையா?"

"தெரியுது. தண்ணி பட்டா வெடிச்சிரும்."

"அதெல்லாம் வீட்ல பேசிக்கலாம்."

"வீட்டுக்குப் போகணும்னா இங்கயே பேசிடுங்க."

பின்னால் நின்ற அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். குடும்ப விஷயத்தில் தலையிடுகிறோமோ என்று ஒரு கணம் தயங்கியிருப்பார் போல. பிறகு, "குழாயைக் கீழ வைப்பா" என்றார்.

அவள் கணவரிடம் முகமூடியும் நீளக் கைப்பிடி மண்வாரியும் கொடுத்தாள். அவர் பொடியை அள்ளி வீசினார்.

"தூவுங்க. கொட்டாதீங்க."

அவர் தூவினார். மெல்ல மெல்லப் பொடி ஏடாகப் படிந்து தீ அடங்கியது.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். ஆறுற வரைக்கும் யாரும் தொடக்கூடாது."

இருவரும் வண்டியின் படியில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். சீருடையில் ஒரு சொட்டு ஈரமில்லாமல் அவர் தீ விபத்திலிருந்து திரும்பப் போவது அதுவே முதல் முறை.



"நீங்க தண்ணியத் திறந்துட்டீங்கன்னுதான் நினைச்சேன்."

அவர் தன் பூட்ஸைப் பார்த்தார். "திறக்கத்தான் கை வெச்சேன்" என்றார்.



அடுத்த வாரம் அதிகாரி அவளைத் தீயணைப்பு நிலையத்துக்கு அழைத்து எல்லோருக்கும் பாடம் நடத்தச் சொன்னார். முன்வரிசையில் உட்கார்ந்து அதிகம் கேள்வி கேட்டவர் அவள் கணவர்தான். மூன்று தரம் 'மேடம்' என்றார். வீட்டில் அந்த வழக்கம் தொடரவில்லை.

வால்வை மாற்றி, சோடியத்தை மறுபடி ஏற்றியபோது அவர் விடுப்புப் போட்டுப் பார்க்க வந்தார். எட்டி நின்றே குழாயின் பக்கம் காதைச் சாய்த்தார்.

"உள்ள ஓடுதா?"

"ஓடுது."

"சத்தமே இல்லையே" என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.